நரம்பில் ஏற்றும் ஆகாரம்

நமது தேசத்தில் 2020ம் வருஷத்தில் மாத்திரம் ஏறக்குறைய 30 லட்சம் சிசுக்கள் காலம் நிரம்புமுன் பிறந்தன என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தாருடன் சேர்ந்து கணக்கெடுத்த நிபுணர்கள் 2023ல் மதிப்பிட்டு வெளியிட்டார்கள். உலகமெங்கும் அவ்வருஷத்தில் குறைமாதத்தில் பிறந்தவை 1 கோடியே 34 லட்சம். அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பாரத நாட்டின் சிசுக்கள். வேறெந்த தேசத்துக்கும் இவ்வளவு பெரிய பாரம் இல்லை. இது பிரசவ அறையில் தாதிகள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, ராஜீய விஷயங்களில் உழைப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நமது நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது பிசகு. வாய் திறந்து பால் கேட்கச் சக்தியில்லாத பிரஜையின் உடம்பில் எந்தத் திரவத்தை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது, அதை யார் பரீக்ஷித்து அனுமதிப்பது என்ற கேள்விகள் சட்டத்தையும் சர்க்காரையும் சேர்ந்தவை. ஆகையால் அவை ஜனப் பிரதிநிதிகளைச் சேர்ந்தவை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன்பே பிறந்து ஒரு கிலோ எடைகூட இல்லாத சிசுவுக்கு உறிஞ்சவும் விழுங்கவும் தெரியாது. குடலும் பாலை முழுதும் ஏற்கத் தயாராயிராது. இத்தகைய சிசுக்கள் முற்காலத்தில் பட்டினியாலேயே மெலிந்து மாண்டன. சர்க்கரை, புரதச் சத்து, உப்புக்கள் முதலியவற்றை ரத்தக்குழாய் வழியாகவே, நமது ஜனங்கள் வழக்கமாய்ச் சொல்வதுபோல் நரம்பில் ஏற்றியே, ஓர் உயிரை வளர்த்துவிடலாம் என்பதை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய சகாக்களும் 1960களின் பிற்பகுதியில் நாய்க்குட்டிகளை வளர்த்து நிரூபித்தார்கள். அதே நகரத்தில் குடலே பயன்படாத ஒரு பெண் சிசுவுக்கும் அதைச் செய்து காட்டினார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஸ்வீடன் தேசத்தில் ஆர்விட் ரெட்லிண்ட் என்பவர் சோயா எண்ணெயை ரத்தத்தில் ஏற்றத்தக்க பால்போன்ற கலவையாக்கியிருந்தார். இவ்விரண்டும் சேர்ந்து லட்சக்கணக்கான சிசுக்களைப் பிழைப்பித்திருக்கின்றன. இதை நாம் மனமார ஒப்புக்கொண்டே மேலே பேசுகிறோம்.

ஆனால் தாயின் நஞ்சுக்கொடி செய்யும் வேலையைப் புட்டியும் குழாயும் அவ்வளவு எளிதில் செய்துவிடுமா? கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து கொழுப்பும், கொழுப்போடு சேர்ந்து விட்டமின் ஈயும் சிசுவுக்குப் போய்ச் சேருகின்றன. நிறைமாதத்துக் குழந்தையின் உடம்பு முழுவதிலும் சுமார் 20 மிலிகிராம் விட்டமின் ஈ இருக்குமானால், ஒரு கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் 3 மிலிகிராம் அளவே இருக்கும். செலீனியமும் துத்தநாகமும் அப்படியே கடைசி மாதங்களில் சேரும் சேமிப்புக்கள். பிராணவாயுவின் அரிப்பிலிருந்து தேகத்தின் அணுக்களைக் காக்கும் உள்ளுறுப்புச் சாதனங்களும் பிரசவ காலம் நெருங்கும்போதே வலுப்பெறுகின்றன. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் எண்ணெயைச் சிக்கடிக்கச் செய்வதும் அந்தப் பிராணவாயுவேயன்றோ? கர்ப்பத்தின் இருட்டிலும் குறைந்த பிராணவாயுவிலும் இருக்க வேண்டிய சிசு திடீரென்று வெளிச்சத்திலும் பிராணவாயுக் குழாயின் முன்னும் கிடத்தப்படுகிறது. கவசம் தரிக்குமுன்பே யுத்தகளத்தில் தள்ளப்பட்ட வீரனின் நிலைமை அது.

விட்டமின் ஈயை 1922ல் கலிபோர்னியாவில் ஈவான்ஸ் என்பவரும் காதரின் பிஷப் என்ற அம்மையாரும் எலிகளின் ஆகாரத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அது இல்லாத எலிகளின் கர்ப்பம் நிலைக்கவில்லை. ஆகவே அதற்குப் பிரசவத்தைத் தாங்குவது என்று பொருள்படும் கிரேக்கப் பதங்களைக் கொண்டு டோகோபெரால் என்று பின்னர் பெயரிட்டார்கள். குறைப் பிரசவத்துச் சிசுக்களுக்கே அது மருந்தா விஷமா என்ற வழக்கு அறுபது வருஷம் கழித்து எழும் என்று பெயரிட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சத்துக் குறைந்தால் கேடு உண்டு என்பதில் சந்தேகமில்லை. குறைமாதச் சிசுக்களில் சிவப்பு அணுக்கள் உடைந்து சோகை உண்டாவதற்கு விட்டமின் ஈக் குறைவே காரணம் என்று 1967ல் ஆஸ்கி, பார்னெஸ் என்ற டாக்டர்கள் காட்டினார்கள். இதில் ஒரு விபரீதமும் இருந்தது. சிசுவுக்கு வலுவூட்ட வேண்டுமென்று தாவர எண்ணெய் நிறைந்த புட்டிப்பாலையும் அதனுடன் இரும்புச் சத்தையும் கொடுத்தார்கள். எளிதில் அரிக்கப்படும் எண்ணெய் கூடக்கூட அதைக் காக்கும் விட்டமினும் கூட வேண்டும்; இரும்போ அரிப்பைத் தூண்டிவிடும். இவற்றைக் கொடுத்துக் காவலைக் கொடுக்காமற் போனதால் சோகை தீர்வதற்குப் பதிலாக வளர்ந்தது. சோயா எண்ணெய்க் கலவையிலும் விட்டமின் ஈ உண்டு. ஆனால் அது பெரும்பாலும் காமா என்ற வகுப்பைச் சேர்ந்தது. மனித தேகம் வைத்துக் காப்பாற்றுவது ஆல்பா வகுப்பையே. சீட்டில் எழுதியிருக்கும் அளவு வேறு, சிசுவுக்குப் பயன்படும் அளவு வேறு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இனி, அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வோம்.

பிராணவாயு மிகுந்தால் குறைமாதச் சிசுக்களின் கண்ணின் உட்திரை கெட்டுப் பார்வை போய்விடுகிறது. போஸ்டன் நகரத்து டாக்டர் டெரி 1942ல் இதை முதலில் வர்ணித்தார். காரணம் பிராணவாயுவே என்று 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய பரிசோதனை 1954ல் ஸ்தாபிப்பதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் குருடாகிவிட்டன. உடனே பிராணவாயுவைக் கண்மூடித்தனமாய்க் குறைத்தார்கள். அதனால் மூச்சின்றி இறந்தவை பல. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் 16 உயிர்கள் வீதம் பலியாயிருக்கும் என்று லண்டன் டாக்டர் கிராஸ் 1973ல் கணக்கிட்டார். இந்தத் தர்மசங்கடத்திலிருந்து விட்டமின் ஈ விடுவிக்கும் என்ற நம்பிக்கை 1981ல் பலமாயிற்று. அதை வாய் வழியாய்க் கொடுத்தால் கண் நோயின் கடுமை குறைகிறதென்று ஹூஸ்டன் நகரத்திலிருந்து ஒரு பரிசோதனையின் முடிவு வந்தது. வாய் வழிக் கொடுத்தால் குடல் தாங்குவதில்லை. தசையில் ஊசி போடலாமென்றால் அந்தச் சிசுவுக்குத் தசையே இல்லை. நரம்பில் ஏற்றத்தக்க விட்டமின் ஈ ஒன்று கிடைத்தால் எவ்வளவு சௌகரியம் என்று டாக்டர்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

வியாபாரி அந்த ஏக்கத்தை அறிந்துகொண்டான். 1983 நவம்பரில் 'ஈ-பெரால்' என்ற திரவம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்தது அரிஸோனாவிலுள்ள கார்ட்டர்-கிளோகா கம்பெனி. விற்றது ஓநீல், ஜோன்ஸ் அண்டு பெல்ட்மன் கம்பெனி. சர்க்கார் மருந்து இலாகாவின் அனுமதி அதற்குப் பெறப்படவில்லை. குறைமாதச் சிசுக்களிடம் அது பரீக்ஷிக்கப்படவும் இல்லை. விட்டமின்தானே, இது புது மருந்தாகுமா என்பது அவர்கள் போட்ட வாதம்! எண்ணெயில் கரையும் சத்து நீரில் கரைய வேண்டுமே. அதற்காகப் பாலிசார்பேட் என்ற சவுக்காரம் போன்ற பொருளைத் தாராளமாய்ச் சேர்த்திருந்தார்கள். அந்தத் திரவம் ஏற்றப்பட்ட சிசுக்களுக்கு வயிறு நீர் கோத்து வீங்கிற்று. ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்தன. ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்தன. வாஷிங்டன் ராஜ்யத்தில் ஸ்போக்கேன் நகரத்து ஆஸ்பத்திரியில் இவ்விபரீதம் முதலில் கவனிக்கப்பட்டது. 1984 ஏப்ரலில் திரவம் வாபஸ் வாங்கப்பட்டது. இந்த ஐந்து மாதத்திற்குள் 38 சிசுக்கள் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. பெரும்பாலும் அவை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுள்ளவை. இத்தகைய சிசுக்கள் இறப்பது வழக்கந்தானே என்று எண்ணித் தொடக்கத்தில் பல இடங்களில் யாரும் மருந்தின்மேல் சந்தேகப்படவில்லை. இதைக் காட்டிலும் மனத்தை வருத்தும் பகுதி இந்த விருத்தாந்தத்தில் வேறில்லை. எளியவனின் சாவுக்குக் காரணம் தேடுவார் இல்லை என்பது ஆஸ்பத்திரிக்கும் பொருந்துகிறது.

அமெரிக்கக் காங்கிரஸின் கமிட்டி ஒன்று விசாரித்து மருந்து இலாகாவையும் கண்டித்தது. அனுமதியற்ற மருந்துகளினால் நேரும் தீங்குகளையும் கம்பெனிகள் அறிவித்தே தீரவேண்டுமென்று 1986ல் விதி ஏற்பட்டது. கம்பெனிகள்மீதும் அதிகாரிகள்மீதும் 1987ல் வழக்குத் தொடரப்பட்டது. அதிகாரிகளுக்குக் கிடைத்த தண்டனை சில மாதச் சிறைவாசமே. 38 சிசுக்களுக்கு அது ஈடா என்று நாம் கேட்கவில்லை. ஈடு ஏது? ஆனால் விற்பதற்கு முன் நூறு சிசுக்களிடமாவது ஒழுங்காய்ப் பரீக்ஷித்திருந்தால் விபரீதம் வெளிப்பட்டு அத்துடன் நின்றிருக்கும் என்பது நிச்சயம்.

சத்தே தோஷமற்றது, கரைப்பானே கொன்றது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் இடமில்லை. ரத்தத்தில் விட்டமின் ஈ மிகவும் உயர்ந்த சிசுக்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவுவதும் குடல் அழுகுவதும் அதிகமென்று 1985ல் லோயிஸ் ஜான்சன் அம்மையாரின் கோஷ்டியார் காட்டினார்கள். கிருமிகளைக் கொல்வதற்குத் தேகத்தின் வெள்ளணுக்கள் பிராணவாயுவின் அரிப்பையே ஆயுதமாய்ப் பிரயோகிக்கின்றன. அரிப்பை முற்றும் அடக்கிவிட்டால் அந்த ஆயுதமும் மழுங்கிப்போகும் என்பது ஒரு விளக்கம். பிற்காலத்தில் எல்லாப் பரிசோதனைகளையும் ஒன்று திரட்டிப் பார்த்தவர்களும், மிகுந்த அளவில் கொடுத்தால் கண் நோயின் கடுமை குறையலாம், மூளையில் ரத்தம் கசிவதும் குறையலாம், ஆனால் கிருமி நோய் பெருகும் என்றே முடிவு கூறினார்கள். 100 மிலிலிட்டர் ரத்த நீரில் 1 முதல் 2 மிலிகிராம் இருப்பது போதும். மூன்றரையைத் தாண்ட விடலாகாது. இதுவே நடுவழி.

இதைக் கேட்டுவிட்டு, வம்பு எதற்கு, சத்தே வேண்டாம் என்று சொல்லுபவரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சும் ஆபத்தானதே. மண்ணில் செலீனியம் குறைந்த நியூஜீலந்தில் 534 குறைஎடைச் சிசுக்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2000ல் வெளிவந்தது. செலீனியம் கொடுக்கப்பட்டவற்றில் நுரையீரல் நோய் குறையவில்லை. எனினும் கிருமி நோய் குறைந்தது. அமெரிக்காவில் 807 சிசுக்களுக்கு விட்டமின் ஏயைத் தசையில் ஊசியாய்ப் போட்டுப் பார்த்ததில் மரணமோ நீடித்த நுரையீரல் நோயோ நேர்ந்தவை நூற்றுக்கு 62லிருந்து 55 ஆகக் குறைந்ததாய் 1999ல் தெரியவந்தது. அற்புத சிகிச்சை ஒன்றுமில்லை. ஆயினும் அலக்ஷியம் செய்யத்தக்க பலனும் அல்ல. ஐரோப்பிய நிபுணர் சங்கங்கள் 2018ல் திருத்தி வெளியிட்ட விதிகளின்படி, நரம்பில் ஆகாரம் ஏற்றப்படும் குறைமாதச் சிசுவுக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் விட்டமின் ஈ 2.8 முதல் 3.5 மிலிகிராம் வரையும், விட்டமின் சி 15 முதல் 25 மிலிகிராம் வரையும், செலீனியம் 7 மைக்ரோகிராமும் வேண்டும். ஒரு கிராமை 10 லட்சம் பங்கு செய்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். எவ்வளவு நுட்பமான தராசு வேண்டியிருக்கிறது!

அளந்து புட்டியில் சேர்த்தவுடன் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. விட்டமின் ஏ போகும் வழியிலேயே பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை வெளிச்சம் அழிக்கிறது. அதை எண்ணெய்க் கலவையில் சேர்த்து ஏற்றினால் நஷ்டம் குறைகிறது. ரைபோபிளேவின் என்ற மஞ்சள் விட்டமின்மீது வெளிச்சம் பட்டால் அதுவே அரிப்பைத் தூண்டிப் புட்டிக்குள் பெராக்சைடு என்ற கேடான பொருள்களை உண்டாக்குகிறது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1990கள் முதல் இதை விரிவாய் விளக்கியிருக்கிறார்கள். குறைமாதச் சிசுக்களின் வார்டில் மஞ்சட்காமாலைக்காக வைக்கும் நீல விளக்கு இரவு பகலாய் எரிவதை நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம். அந்த விளக்கின் கீழேதான் குழாயும் கிடக்கிறது. அரிப்பைத் தடுக்க அனுப்பிய காவற்காரனே வழியில் அரிப்பவனாய் மாறுகிறான். ஆகையால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றும் இத்தகைய ஆகாரத்தின் பையையும் குழாயையும் வெளிச்சம் படாமல் மூடவேண்டும் என்று ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2019ல் அறிவித்தது. பைக்கு ஓர் உறை, குழாய்க்கு ஒரு நிற மறைப்பு, இவ்வளவே காரியம். பெரிய யந்திரங்களை வாங்கித் திறப்பு விழா நடத்தும் உற்சாகத்தில் நூறில் ஒரு பங்கு இதில் காட்டினால் போதும்.

நமது நாட்டுக்கு வருவோம். 1940ம் வருஷத்து மருந்துச் சட்டம் நமக்கு உண்டு. பழைய மருந்தானாலும் அதைச் செலுத்தும் வழியோ அளவோ உபயோகமோ மாறினால் அது புது மருந்தே, அனுமதி பெறவேண்டும் என்று 2019ம் வருஷத்து விதிகள் தெளிவாய்ச் சொல்லுகின்றன. அமெரிக்காவில் 1983ல் இருந்த சந்து நமது சட்டப் புத்தகத்தில் அடைபட்டிருக்கிறது. புத்தகத்தில் அடைபட்டால் போதுமா? 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா ஜில்லாவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து நமது காஞ்சீபுரம் ஜில்லாவிலே தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷத் திரவம் இருந்தது. 1937ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டவரைக் கொன்று, அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் பிறப்பதற்குக் காரணமாயிருந்ததும் அதே திரவமே. அங்கும் இங்கும் கொன்றது மருந்தல்ல, மருந்தைச் சுமந்துவந்த திரவம். ஆகையால் சிசுக்களுக்கு நரம்பில் ஏற்றும் ஒவ்வொரு மருந்தின் சீட்டிலும் சத்தின் பெயரோடு கரைப்பானின் பெயரையும் அளவையும் எழுதச் செய்து, அதையும் தனியே சோதிக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். இதில் சுதேசி, விதேசி என்ற பாரபட்சத்துக்கு இடமே இல்லை. சுதேசித் தொழிலை நாம் ஆதரிப்பது அது நமது குழந்தைகளைக் காக்கும் என்பதற்காகவே.

பிராணவாயு விஷயத்திலும் நாம் சுகமாய்த் தூங்கிவிட முடியாது. மேனாடுகளில் கண் நோய் வருவது மிகமிகச் சிறிய சிசுக்களுக்கே. நமது தேசத்திலோ அவற்றைவிடப் பெரிய, எடை கூடிய சிசுக்களுக்கும் வருகிறது. பிராணவாயுவை அளவின்றி விடுவது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று நமது கண் வைத்தியர்களே பல வருஷங்களாய் எடுத்துச் சொல்லி வருகிறார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த சிசுக்களுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்தவற்றுக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் கண் பரீக்ஷை செய்யவேண்டுமென்பது விதி. 1996ல் சென்னையில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிறந்த குறைமாதப் பெண் சிசுவுக்கு அது செய்யப்படாமல் பார்வை போனதற்காக, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு என்று 2015ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் அந்தச் சிசு பதினெட்டு வயதுப் பெண்ணாகிவிட்டாள். அத்தொகையில் பிராணவாயுவையும் காற்றையும் கலந்து அளக்கும் கருவிகள் எத்தனை வார்டுகளுக்கு வாங்கியிருக்கலாம் என்று நிதி மந்திரிகள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மிகவும் மலிவான சாதனத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. குழாய் ஆகாரம் எவ்வளவு சீக்கிரம் நின்று தாய்ப்பால் தொடங்குகிறதோ அவ்வளவுக்குச் சிசுவுக்கு க்ஷேமம். பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலில் விட்டமின் ஈயும், அதை மஞ்சளாக்கும் கரோட்டீனும் பிற்காலப் பாலைவிட அதிகம். அதைப் பீச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையென்று நாக்கில் வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. பெரியோர் கோபித்தாலும் அதைக் கண்டிக்கவே வேண்டும். பெற்ற தாய்க்குப் பால் இல்லாவிடில் பிற தாய்மாரின் பாலைச் சேகரித்து வைத்துக் கொடுக்கும் பால் வங்கியை ஆசியாவிலேயே முதல் முதலாய் 1989ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் ஏற்படுத்தியது நமது தேசமே. பிறந்தது முதல் சிசுவைத் தாயின் மார்போடு மார்பாய்க் கட்டி வைத்தால் மரணம் நூற்றுக்கு 25 வீதம் குறைகிறதென்று, டில்லியும் பங்குகொண்ட ஐந்து தேசத்துப் பரிசோதனை 2021ல் காட்டிற்று. இதற்கு யந்திரம் வேண்டாம். தாய் படுக்க வார்டிலே ஒரு கட்டில் வேண்டும். பல இடங்களில் தாய் ஒரு மாடியிலும் சிசு ஒரு மாடியிலுமாகக் கிடப்பதற்கு அந்தக் கட்டில் இல்லாமையே காரணம்.

அடுத்த வரவுசெலவுத் திட்டம் சட்டசபைக்கு வரும்போது, எக்கட்சியைச் சேர்ந்தவரானாலும் நமது அங்கத்தினர்கள் சுகாதார மந்திரியாரிடம் இவற்றைக் கேட்க வேண்டும்: நரம்பில் ஆகாரம் ஏற்றும் சிசு வார்டுகள் எத்தனை, அவற்றில் பையும் குழாயும் மூடப்படுவது எத்தனையில், சிசுக்களுக்கென்றே அளவிட்ட விட்டமினும் செலீனியமும் எத்தனையில் உண்டு, பிராணவாயுவை அளக்கும் கருவி எத்தனையில் இயங்குகிறது, சென்ற வருஷத்தில் மாண்ட ஒவ்வொரு சிசுவுக்கும் ஏற்றப்பட்ட மருந்தின் ஜாபிதா எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரையில் அவர்கள் உட்காரக் கூடாது.